ஸ்கேனில் நன்றாக இருக்கும் மண்ணீரல் எப்படிப் ‘பலவீனம்’ ஆகும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சியோலில் வேலை பார்க்கிறீர்கள். சில மாதங்களாக வயிற்று உப்புசம், சாப்பிட்டதும் அசதி. உடன் வேலை பார்ப்பவர் சொன்னார் என்று ஒரு ஹனுயிசாவிடம், அதாவது கொரியப் பாரம்பரிய மருத்துவரிடம், போனீர்கள். அவர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, “உங்கள் மண்ணீரல் பலவீனமாக இருக்கிறது” என்றார். ஆனால் இரண்டு வாரம் முன்பு எடுத்த ஸ்கேனில் மண்ணீரல் சரியாக இருந்தது. இவர்களும் ஆறு வருடம் படித்து, அரசுத் தேர்வு எழுதி வருகிறவர்கள்தானே, இவர்கள் படிக்கும் உடலியங்கியல் எது, அதை நவீனமாக்க முடியுமா, அப்படி ஆக்கினால் அதில் என்ன மிஞ்சும் என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பழைய சொற்களை இன்றைய உடலறிவின் மொழிக்குக் கொண்டுவர முடியுமா என்பது ஒன்று. முடியும் என்றால் பழையது எதற்கு என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கொரியாவில் உண்மையிலேயே சூடான கேள்வி.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் உடலியங்கியல் பாடம் எடுத்தவன். நடுவில் மூன்று வருடம் கொரியாவில், டேஜான் நகரில், மணிக்கட்டு நாடியின் அலைகளை அளக்கும் வேலையில் இருந்தேன். ஹனுயிசாக்களோடு ஒரே அறையில் வேலை பார்த்தேன். ஆனால் நான் ஹனுயிசா இல்லை. அவர்களுடைய மூல நூல்கள் சீன எழுத்தில் இருப்பவை. அவற்றை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கத்தான் படித்திருக்கிறேன். மருந்துக் கஷாயங்களைப் பற்றி எனக்குச் சொல்லும் தகுதி கிடையாது. உடல் எப்படி வேலை செய்கிறது என்று அவர்கள் சொல்வதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் உங்கள் மண்ணீரல். அவர்கள் ‘பி’ என்று சொல்லும் உறுப்பின் வேலையைப் பாடநூலில் பார்த்தால், உண்ட உணவைச் சக்தியாகவும் ரத்தமாகவும் மாற்றுவது, அதை மேலே ஏற்றுவது, ரத்தத்தைக் குழாய்க்குள் நிறுத்திவைப்பது, கை கால் தசைகளுக்கு வலு தருவது என்று இருக்கும். நாம் மண்ணீரல் என்று படித்தது வேறு. அது பழைய சிவப்பணுக்களை வடிகட்டும், நோய் எதிர்ப்பில் பங்கெடுக்கும், விபத்தில் சிதைந்துபோனால் எடுத்துவிட்டாலும் மனிதன் உயிர்வாழ்வான். இரண்டும் ஒரே பெயரில் வந்து மாட்டிக்கொண்டதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1774-இல் ஜப்பானில் சுகிதா கென்பாகுவும் நண்பர்களும் டச்சு மொழி வழியாக வந்த ஓர் உடற்கூறியல் நூலை மொழிபெயர்த்தார்கள். ஐரோப்பியர் அறுத்துப் பார்த்த உறுப்புகளுக்குப் பழைய சீன மருத்துவப் பெயர்களையே பொருத்தினார்கள். நரம்புக்குப் பழைய பெயர் பொருந்தவில்லை, புதுச்சொல் ஆக்கினார்கள். கணையத்துக்குப் பின்னால் புதிதாக ஓர் எழுத்தே உருவாக்கினார்கள். கொரிய மொழியும் பிறகு அதையே எடுத்துக்கொண்டது. செரிமானத்தில் பெரிய பங்கு வகிக்கும் கணையம் இப்படிப் புதுப்பெயரோடு ஒதுங்கிப்போக, செரிமானத்தின் பழைய பெயர் ரத்தம் வடிகட்டும் உறுப்பின் மேல் ஒட்டிக்கொண்டது. அதனால் உங்கள் மருத்துவர் சொன்னது, “நீங்கள் சாப்பிடுவதைச் செரித்துச் சக்தியாக்கும் வேலை மந்தமாக நடக்கிறது” என்பதுதான். உங்கள் ஸ்கேனோடு அது மோதவில்லை.

இந்த இடத்தோடு பலர் விளக்கத்தை முடித்துவிடுவார்கள். பழைய மருத்துவம் உறுப்பைச் சொல்லவில்லை, செயல்பாட்டைச் சொல்கிறது, அதனால் முரண்பாடே இல்லை என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. பழைய நூல்கள் அந்த உறுப்பின் நீளம், அகலம், எடைவரை தருகின்றன. வயிற்றுக்குள் இருக்கும் ஒரு பொருளைத்தான் அவர்கள் நினைத்தார்கள். ஹொ ஜுன் 1610-இல் முடித்து 1613-இல் அச்சான ‘டோங்குயி போகாம்’ என்ற 25 பாகப் பெருநூலின் தொடக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. கை கால் இல்லாமல், தலையும் உடலும் மட்டும் பக்கவாட்டில் வரைந்து, உள்ளே உறுப்புகளையும் முதுகெலும்பையும் காட்டும் படம். அவர் வெறும் உருவகம் வரையவில்லை. ‘செயல்பாடு மட்டும்தான்’ என்ற விளக்கம், நவீன உடற்கூறியல் வந்த பிறகு பழையதைக் காப்பாற்றுவதற்காகப் பெரிதும் வலுப்பெற்ற ஒன்று என்பது என் கருத்து. அது தவறான நகர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு நகர்வு, பழைய நூலின் நேர்ப்பொருள் இல்லை என்பதை ஒத்துக்கொண்டால்தான் மேலே பேச முடியும்.

ஹொ ஜுன் செய்த வேறொரு காரியம் எனக்குப் பிடிக்கும். அந்த நூல் 1596-இல் அரசர் சொன்ஜோ பணித்த வேலை. ஜப்பானியப் படையெடுப்பில் நாடு சிதைந்திருந்த காலம். அரசர் இறந்ததும் ஹொ ஜுனை நாடு கடத்தினார்கள், அங்கிருந்தபடியும் எழுதினார். நோய்களைப் பட்டியலிட்டுத் தொடங்காமல் உடலிலிருந்து தொடங்கினார். சாரம், உயிர்விசை, மனம் என்ற மூன்றையும் முதலில் வைத்து, பிறகு உள்ளுறுப்புகள், வெளி உடல் என்று போய், அதன் பின்தான் நோய்களுக்கு வந்தார். ஆரோக்கியமான உடலை முதலில் விளக்கு, அப்புறம் நோய்க்குப் போ என்ற அந்த வரிசைதான் கொரிய மருத்துவக் கல்லூரிகளில் உடலியங்கியல் தனிப் பாடமாக நிற்பதற்கு உள்ளே இருக்கும் மனநிலை என்று நினைக்கிறேன். இன்றைய மாணவர் அணு, நொதி, நரம்பு எல்லாம் ஒரு வகுப்பில் படிக்கிறார். அடுத்த வகுப்பில் யின்-யாங், ஐந்து நிலைகள், கி எனும் உயிர்விசை, ரத்தம், உடல்நீர்கள், உறுப்புகளின் தோற்றம், கி ஓடும் பாதைகளாகச் சொல்லப்படும் நாளங்கள் என்று படிக்கிறார். இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவது பெரும்பாலும் அந்த மாணவரின் தனி வேலையாக விடப்படுகிறது. நவீனமாக்கல் என்று ஒன்று தேவைப்படுவது அங்கேதான்.

அந்தப் பாலத்தைப் போட முயன்றவர்களில் முதல் தலைமுறை, பழைய சொல்லுக்கு நேராக ஒரு பொருளைத் தேடியது. கி என்றால் எந்தத் துகள், நாளம் என்றால் எந்தக் குழாய் என்று தேடினார்கள். வடகொரியாவில் கிம் போங்-ஹான் 1960-களின் தொடக்கத்தில், அக்குபங்சர் நாளங்களை உடலுக்குள் நுண்ணிய குழல்களாகவே கண்டுவிட்டதாக அறிவித்தார். சில வருடங்களில் அவருடைய ஆய்வு நிறுவனம் காணாமல் போனது, அவரும் பொதுவெளியிலிருந்து மறைந்தார். 2000-களில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் சோ குவாங்-சப்பின் குழு அதை மறுபடி எடுத்தது. நிணநீர்க் குழாய்க்குள்ளும் உறுப்புகளின் மேற்பரப்பிலும் மெல்லிய இழை அமைப்புகளைக் காட்டியது. ஆனால் அந்த இழைகள்தான் நாளங்கள் என்பது நிறுவப்படவில்லை, உடற்கூறியல் பாடநூல்களிலும் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்னொன்று 1998-இல் நடந்தது. கால் சுண்டுவிரல் பக்கத்தில், பார்வைக்கு உரியதாகச் சொல்லப்படும் புள்ளியைத் தூண்டினால் மூளையின் பார்வைப் பகுதி ஒளிர்கிறது என்று சோ சாங்-ஹீ தலைமையிலான குழு எஃப்எம்ஆர்ஐ என்ற மூளைப் படக்கருவி வைத்து வெளியிட்டது. உலகமே பேசியது. 2006-இல், புள்ளிக்கும் மூளைப் பகுதிக்கும் அப்படிப்பட்ட தனித்தொடர்பு இருப்பதாகத் தாங்கள் இனி கருதவில்லை என்று அந்தக் குழுவினரே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நான் அவர்களை மதிக்கிறேன். திரும்பப் பெறுவது எளிதல்ல. ஆனால் பொருளைத் தேடும் இந்த வழி எங்கும் போய்ச் சேரவில்லை என்பதை இந்த இரண்டு கதைகளும் போதுமான அளவு சொல்லிவிட்டன.

வேறு வழி இருக்கிறது. பழைய சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அது என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்கிறது என்பதை மட்டும் எடுத்துச் சோதிப்பது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் சற்று வெளிப்புறமாக ஜோக்சாம்னி என்ற புள்ளி இருக்கிறது. வயிற்று நாளத்தின் புள்ளி என்பார்கள். செரிமானத்துக்கும் பொதுவான தெம்புக்கும் ஊசி போடும் இடம். 2010-இல் அமெரிக்காவில் எலிகளில் அந்தப் புள்ளியில் ஊசியைச் சுழற்றியபோது அதைச் சுற்றிய திசுவில் அடினோசின் என்ற வேதிப்பொருள் கூடுவதையும், அது வலியைக் குறைப்பதையும் காட்டினார்கள். 2021-இல் மா சியூஃபு என்ற நரம்பியலாளரின் குழு இன்னும் ஆழமாகப் போனது. அதே இடத்தில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால், ஒரு குறிப்பிட்ட வகை உணர்வு நரம்பணுக்கள் வழியாகச் செய்தி போய், மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பும் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியும் சேர்ந்து உடலின் அழற்சியை அடக்குகின்றன. வயிற்றில் உள்ள ஒரு புள்ளியில் அதே மெல்லிய தூண்டல் அந்தப் பலனைத் தரவில்லை. காரணமும் கிடைத்தது. அந்த நரம்பணுக்களின் முனைகள் பின்காலின் ஆழ்ந்த திசுவில் நிறைய இருக்கின்றன, வயிற்றுப் பகுதியில் அப்படி இல்லை. காலில் குத்தினால் உள்ளே மாறும் என்ற பழைய கவனிப்பில் ஏதோ இருந்தது. அதை விளக்கிய வரைபடம் நரம்புகளின் வரைபடம், நாளங்களின் வரைபடம் இல்லை. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே நீட்டிவிடக் கூடாது என்பதும் சேர்த்தே சொல்ல வேண்டியது.

மனிதர்களிடம் செய்த பெரிய சோதனை ஒன்று இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 1162 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். 2007-இல் முடிவு வந்தது. முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். ஊசி உதவியது. எங்கே குத்தினோம் என்பது பெரிதாக உதவவில்லை. பாரம்பரிய உடலியங்கியலின் மையமே ‘எங்கே’ என்பதுதான், அதனால் இந்த எண்களை எந்த ஹனுயிசா மாணவரும் தாண்டிப்போகக் கூடாது. சில புள்ளிகளுக்கு இது வேறு மாதிரி இருக்கலாம். மணிக்கட்டின் உள்பக்கப் புள்ளி அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலைக் குறைப்பதற்கு, போலித் தூண்டலோடு ஒப்பிட்டும் நல்ல சான்று இருக்கிறது. ஆக, புள்ளிக்குப் புள்ளி தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது.

என் சொந்த வேலை நாடி. அதனால் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து மூன்று இடங்களைப் பார்ப்பார்கள், சோன், குவான், சோக். இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகத்தோடு சேர்ந்த உயிர்வாசல். ஒவ்வொரு விரலும் ஓர் உறுப்பின் கதையைச் சொல்லும் என்பது கொள்கை. ஓர் உடலியங்கியல்காரனாக எனக்கு இதில் அடிப்படைச் சிக்கல் தெரிந்தது. மூன்றும் ஒரே ரேடியல் தமனி. ஒன்றுக்கொன்று ஒரு விரல் அகலம்தான் தூரம். அந்த அலை அங்கே வருவது இதயத்திலிருந்து, வழியில் தமனிச் சுவர்களின் தன்மையையும் திரும்பி வரும் எதிரலைகளையும் சுமந்துகொண்டு வருகிறது. கல்லீரலின் செய்தி நடுவிரலுக்கு மட்டும் வந்து சேர வழியே இல்லை. நாங்கள் அளந்தபோது மூன்று இடங்களிலும் வித்தியாசம் இருந்தது உண்மை. ஆனால் தமனி தோலுக்கு எவ்வளவு அடியில் ஓடுகிறது, அடியில் எலும்பு தாங்குகிறதா, மேலே தசைநாண் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியை விளக்கிவிட்டன. இந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், அங்கிருந்த நண்பர்களிடமும் அப்படியே சொன்னேன்.

அதே நாடியில் இன்னொரு பகுதி எனக்குப் பொக்கிஷமாகத் தெரிந்தது. வில் நாண் போல விறைத்து நிற்கும் நாடி என்று ஒன்று சொல்வார்கள். வழுக்கிக்கொண்டு ஓடும் நாடி என்று ஒன்று சொல்வார்கள், கர்ப்பிணிகளிடம் அது கிடைக்கும் என்று பழைய நூல்களே சொல்கின்றன. தமனி விறைத்தவரிடம் எதிரலை சீக்கிரம் திரும்பி, முதல் அலையின் முதுகிலேயே ஏறிக்கொள்ளும். விரலுக்கு அது நீண்டு, தளராத ஓர் அழுத்தமாகத் தெரியும். கர்ப்பத்தில் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது, குழாய்களின் எதிர்ப்பு குறைகிறது, அலை சட்டென்று ஏறி சட்டென்று இறங்குகிறது. கருவி எதுவும் இல்லாத காலத்தில், விரல் நுனியால் ரத்த ஓட்டத்தின் வடிவத்தைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் அறையில் இருந்த மூத்த ஹனுயிசா ஒருவர், திரைக்குப் பின்னால் நீட்டிய கையைத் தொட்டு, அந்த நபர் இரவு தூங்கவில்லை என்றார். அது சரியாக இருந்தது. ஆனால் அவரும் அவரைப் போலவே அனுபவம் உள்ள இன்னொருவரும் ஒரே கையைத் தனித்தனியாகப் பார்த்து எழுதியதை ஒப்பிட்டால், பல நாள் ஒத்துப்போகவில்லை. நாடியின் ஆழம், வேகம் ஆகியவற்றில் ஒத்துப்போவார்கள், ‘தன்மை’ என்று வந்ததும் பிரிந்துவிடுவார்கள். முதல் அனுபவம் மறக்காது. இரண்டாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான தகவல்.

கொரியாவுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. யி ஜெமா, 1837-இல் பிறந்தவர், 1894-இல் எழுதி முடித்த நூலில் மனிதர்களை நான்கு உடல்வாகாகப் பிரித்தார். கல்லீரல் பெரிது நுரையீரல் சிறிது என்றால் ‘தேயும்’ என்ற வகை, மண்ணீரல் பெரிது சிறுநீரகம் சிறிது என்றால் ‘சோயாங்’, அதன் தலைகீழ் ‘சோயும்’, நுரையீரல் பெரிது கல்லீரல் சிறிது என்றால் ‘தேயாங்’. பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் தேயும் 5000, சோயாங் 3000, சோயும் 2000, தேயாங் ஒரு கை விரல்களில் எண்ணும் அளவு, மிஞ்சினால் பத்து என்று எண்ணிக்கையும் கொடுத்தார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் எண் கொடுத்தவரைச் சோதிக்க முடியும். 1994-இல் தொடங்கிய அரசின் கொரிய மருத்துவ ஆய்வு நிறுவனம் முகம், உடலளவு, குரல், கேள்வித்தாள் நான்கையும் சேர்த்து உடல்வாகைக் கணிக்கும் கருவி செய்தது. தேயும் வகையினருக்கு நீரிழிவும் வளர்சிதை மாற்றக் கோளாறும் அதிகம் என்று ஆய்வுகள் வந்தன. இங்கே ஒரு வட்டம் இருக்கிறது. பருத்த உடம்பைப் பார்த்துத்தான் தேயும் என்று வகைப்படுத்துகிறோம், பிறகு தேயும் என்பவருக்குச் சர்க்கரை அதிகம் என்று கண்டுபிடிக்கிறோம். எடையைக் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு மிஞ்சுவதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு, அவை மேலும் பார்க்கத்தக்கவை. உறுப்பின் அளவு பற்றிய யி ஜெமாவின் கூற்றோ ஸ்கேன் யுகத்தில் நேரடியாக அளக்கக்கூடியது. அதை அளப்பதற்கு அந்தத் துறை காட்டும் ஆர்வம் போதாது என்பது என் மனக்குறை.

அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது நான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்வி. 1951-இல் வந்த சட்டம் கொரியாவில் இரண்டு வகை மருத்துவர்களை உருவாக்கியது. இருவருக்கும் தனித்தனி உரிமம். 1987 முதல் தேசிய அளவில் காப்பீடு கொரிய மருத்துவத்துக்கும் உண்டு. இந்தக் கட்டடம் முழுவதும் நிற்பது, இந்த மருத்துவத்துக்கு வேறு உடலியங்கியல் இருக்கிறது என்ற தூணின் மேல். அத்தனையும் நவீன மொழிக்கு மாறிவிட்டால் தனி உரிமம் எதற்கு என்று ஒரு பக்கம் கேட்பார்கள். எதுவும் மாறாது என்றால் நவீனக் கருவிகளைத் தொட உனக்கென்ன உரிமை என்று மறுபக்கம் கேட்பார்கள். 2022 டிசம்பர் 22 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு, நோயறிதலுக்குத் துணையாக அல்ட்ராசவுண்ட் பயன்படுத்திய ஹனுயிசாவுக்குக் கீழ் நீதிமன்றம் அளித்த தண்டனையை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த வழக்கில் ஒரே நோயாளிக்கு 68 முறை ஸ்கேன் பார்த்தும் கருப்பை உட்சுவரின் புற்றுநோய் கண்டறியப்படவில்லை. தீர்ப்பு கருவி யாருக்குச் சொந்தம் என்பதைத் தளர்த்தியது. கருவியில் தெரிவதை எந்த உடலியங்கியலின்படி படிப்பது என்பதை நீதிமன்றம் சொல்ல முடியாது, அது கல்லூரிகளின் வேலை. ஸ்கேன் பார்க்கும் உரிமை வந்துவிட்டால், ஸ்கேனில் தெரிவது பழைய நூலுக்கு எதிராக இருக்கும்போது என்ன செய்வது என்றும் பாடத்தில் எழுதியாக வேண்டும்.

சர்வதேச அளவில் நடந்திருப்பது பெரும்பாலும் சொற்களைச் சீர்செய்யும் வேலை. சீனா, ஜப்பான், கொரியா மூன்று நாட்டு நிபுணர்களும் உட்கார்ந்து 361 அக்குபங்சர் புள்ளிகளின் இடத்தை ஒப்பிட்டபோது 92 புள்ளிகளில் கருத்து வேறுபாடு இருந்தது. பேசிப் பேசி 86-ஐத் தீர்த்தார்கள், 6 புள்ளிகளுக்கு இரண்டு இடங்களையும் குறித்து விட்டார்கள். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அதை வெளியிட்டது. 2019-இல் ஏற்கப்பட்ட, அதே நிறுவனத்தின் சர்வதேச நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் ‘மண்ணீரல் கி குறைவு’ போன்ற நிலைகளுக்கும் குறியீடு உண்டு. ஆயுர்வேதம், சித்த மருத்துவம், யுனானி ஆகியவற்றுக்கும் பிறகு அதே போல ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. குறியீடு கிடைத்தால் எண்ண முடியும், ஒப்பிட முடியும். அந்த நிலை உண்மையில் உடலில் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. இதைக் குழப்பிக்கொள்பவர்களை நம் நாட்டிலும் கொரியாவிலும் பார்த்திருக்கிறேன்.

நல்ல திசை எது என்று கேட்டால் நான் ஹ்வாபியோங்கைக் காட்டுவேன். நெருப்பு நோய் என்று பொருள். வருடக்கணக்கில் அடக்கிவைத்த கோபமும் மனக்குறையும் நெஞ்சில் அடைப்பாக, தொண்டையில் உருண்டையாக, முகத்துக்கு ஏறும் சூடாக, பெருமூச்சாக வரும். நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம் காண்பது. 1994-இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் பின்னிணைப்பிலும் இடம்பெற்றது. பழைய உடலியங்கியல் இதை, கல்லீரலின் பரப்பிவிடும் வேலை தடைபட்டு, தேங்கியது சூடாகி, இதயத்தின் மேல் ஏறுகிறது என்று சொல்லும். கல்லீரல் நொதிகளைப் பரிசோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் மனம், மூச்சு, சூடு, நெஞ்சு நான்கையும் ஒரே கோவையில் கட்டி, இந்த வரிசையில்தான் வரும் என்று அது சொல்கிறதே, அதைச் சோதிக்கலாம். முகத்தின் சூடு அகச்சிவப்புப் படத்தில் தெரிகிறதா, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் எப்படி மாறுகிறது, தடை என்று மருத்துவர் குறித்தவருக்கும் சூடு என்று குறித்தவருக்கும் உண்மையிலேயே வேறு வேறு அளவுகள் வருகின்றனவா, அந்த வேறுபாட்டின்படி சிகிச்சையை மாற்றினால் பலனும் மாறுகிறதா என்று கேட்கலாம். கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பலன் மாறவில்லை என்றால் அந்தப் பிரிவைப் பாடநூலிலிருந்து எடுக்க வேண்டும். இதுவரை பாடநூல்களில் சேர்த்தது நிறைய, எடுத்தது மிகக் குறைவு. எடுக்கத் தொடங்கும் நாளில்தான் அதை நவீன உடலியங்கியல் என்று என்னால் மனதாரச் சொல்ல முடியும். அதில் வேலை செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வேலை செய்திருக்கிறேன், அதனால் நம்பிக்கை இருக்கிறது.

சரி, உங்கள் வயிற்றுக்கு வருவோம். ஹனுயிசா சொன்னதைத் தவறு என்று ஒதுக்க வேண்டாம், அதைக் கேட்டு மற்றதை நிறுத்தவும் வேண்டாம். கொரியாவில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம் என்பதால் 40 வயது ஆனவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே உண்டு. எடை குறைவு, கறுப்பு மலம், விழுங்குவதில் சிரமம், ரத்தச்சோகை ஏதாவது இருந்தால் வயது பார்க்காமல் எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். ஹனுயிசாவிடம் எடுக்கும் கஷாயத்தின் பெயரை எழுதி வாங்கி உங்கள் நவீன மருத்துவரிடம் காட்டுங்கள், நவீன மருத்துவர் தரும் மாத்திரையை ஹனுயிசாவிடம் காட்டுங்கள். அடுத்த முறை போகும்போது, “மண்ணீரல் பலவீனம் சரியாகிவிட்டால் எனக்கு முதலில் எது மாறும், எத்தனை வாரத்தில் மாறும்?” என்று ஹனுயிசாவிடம் கேளுங்கள். நல்லவராக இருந்தால் பசியா, அசதியா, மலமா என்று குறிப்பாகச் சொல்லுவார். அதைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அவர் சொன்ன வாரத்தில் அது மாறவில்லை என்றால் அதையும் அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.